கெட்ச் போடாத புரோகிராம்

"கெட்ச் போட்டிருந்தா மார்க் வந்திருக்கும், இல்லைங்களா சார்?"

செய்முறைத் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் அந்த மாணவி கேட்டது. "வந்திருக்கும். ஆனா, போடாததுதான் சரி" என்றேன். அந்த 'ஆனா' இன்னும் என்னை உறுத்துகிறது. ஒரு விசையை அழுத்தும்வரை புரோகிராமை நிறுத்தி வைக்கும் கட்டளைதான் கெட்ச்.

பகா எண்ணா என்று பார்க்கும் சி++ புரோகிராம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எக்ஸ்இ கோப்பை டபுள் கிளிக் செய்து, 17 என்று தட்டி என்டர் அடித்தார். கருப்பு விண்டோ பளிச்சென்று மறைந்தது. "அவுட்புட் எவிடே?" என்றார். "கமாண்ட் பிராம்ப்டில் ஓட்டினால் விடை நிற்கும் சார்" என்றேன். அதைக் காட்ட வேண்டியது மாணவிதான் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வரிசையில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். நான் மேலும் வாதாடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் அந்தப் புரோகிராமுக்கென்றே ஒரு கன்சோலை, அதாவது அந்தக் கருப்பு விண்டோவைத் திறக்கிறது. புரோகிராம் முடிந்ததும் அதைப் பிடித்து வைக்க ஆளில்லை, மூடிக்கொள்கிறது. கட்டளைகளைத் தட்டி ஓட்டும் கமாண்ட் பிராம்ப்டிலிருந்து ஓட்டினால் கன்சோல் கமாண்ட் பிராம்ப்டுடையது. புரோகிராம் போனாலும் விடை திரையில் இருக்கும்.

டர்போ சி என்ற பழைய மென்பொருளில் எழுதிய காலத்தில் ஓடி முடித்த புரோகிராம் நேராக எடிட்டருக்கே திரும்பிவிடும். விடையைப் பார்க்க ஆல்ட்+எஃப்5 அழுத்த வேண்டும். அதனால்தான் எல்லோரும் கடைசியில் கெட்ச் எழுதினோம். அது இருக்கும் கோனியோ.ஹெச் என்ற கோப்பு சி++ தரத்திலேயே இல்லை. அந்த மாணவியோ கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளியில் படித்தவள். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ்தான். அங்கே ஜீனி என்ற எடிட்டரில் ஓட்டினால், முடிந்ததும் என்டர் அடிக்கச் சொல்லி அதுவே விண்டோவை நிறுத்தி வைக்கும். அவளுக்கு இந்தக் கவலையே வந்திருக்காது.

ஓர் எழுத்து வரும்வரை காத்து நிற்கும் சின்.கெட் எழுதச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். 17-க்குப் பிறகு அடித்த என்டர் உள்ளே மிச்சம் நிற்கும். சின்.கெட் அதை எடுத்துக்கொண்டு நிற்காமல் போய்விடும். முதலில் சின்.இக்னோர் போட்டு அதைத் தள்ள வேண்டும். விண்டோஸின் பாஸ் கட்டளையைக் கூப்பிடும் சிஸ்டம் பாஸ் போட்டால் விண்டோஸில் மட்டும் நிற்கும், லினக்ஸில் பாஸ் என்று ஒரு கட்டளையே இல்லை என்று பிழை வரும். குறித்த நேரத்தில் தானாக ஓட்டிவிடும் டாஸ்க் ஷெட்யூலர் ராத்திரி ஓட்டும் புரோகிராம் விசைக்குக் காத்து நின்றால் யார் வந்து அழுத்துவது? வேலை முடிந்தால் புரோகிராம் முடிய வேண்டும். இதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஆனால் தேர்வாளர் செய்ததையேதான் நாளைக்கு ஒரு அரிசி மில் கணக்குப்பிள்ளையும் செய்வார். டபுள் கிளிக் செய்வார். விடை கணக்கிடப்பட்டது, கண்ணில் படவில்லை என்றால் அவருக்கு அது வராத விடைதான். அவர் பக்கம் நின்று பார்த்தால் மார்க் குறைத்ததில் ஒரு நியாயம் தெரிகிறது. உடனே, சரியாக எழுதிய பிள்ளைக்கு மார்க் போனது எப்படி நியாயமாகும் என்றும் தோன்றுகிறது.

இந்த வருடப் பிள்ளைகளிடம் "தேர்வுக்கு மட்டும் போட்டுக்கோங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேர்வு நாளில் எல்லா மெஷினிலும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து வைக்கலாம் என்று துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை.