ராயபுரத்துக் கடலரிப்பை ஒரு தொட்டியில் காட்டலாம்

கடலரிப்புக்குக் காரணம் என்னவென்று வடசென்னைப் பிள்ளைகளிடம் கேட்டால், "கடல் மட்டம் ஏறுது சார்" என்று உடனே பதில் வரும். அங்கேயே அடுத்த கேள்வியைப் போட்டுவிட வேண்டும்: மட்டம் ஏறினால் துறைமுகத்துக்கு இரண்டு பக்கமும் தேயணுமே, தெற்கே மெரினா மட்டும் எப்படி இவ்வளவு அகலமாச்சு? ஆளுக்கொரு காரணத்தை நோட்டில் எழுதட்டும். அதற்குப் பிறகு தொட்டியை எடுங்கள்.

90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம் இருந்தால் போதும். மீன் கிரேட் கிடைத்தால் ஓட்டைகள் மறைய உள்ளே தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாம். நீளப் பக்கம் ஒன்றில் 10, 11 கிலோ மணலைச் சரிவாகக் கொட்டுங்கள்: சுவரோரம் 6 செ.மீ. உயரம், 25 செ.மீ. தூரத்தில் தரையோடு தரை. எம்-சாண்ட் வேண்டாம், அதிலுள்ள தூள் தண்ணீரைப் பாலாக்கிவிடும், எதுவும் தெரியாது. சலித்து நாலு முறை அலசிய ஆற்று மணல்தான் சரி. தண்ணீர் 4 செ.மீ. நிற்கட்டும், ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும்.

கடல் பக்கம் நின்று கரையைப் பார்த்தால் இடது கை தெற்கு, வலது கை வடக்கு. 30 செ.மீ. பலகையைத் தெற்கு மூலையில் கரைக்குச் சாய்வாக, சுமார் 30 டிகிரியில் பிடித்து, நொடிக்கு ஒரு தரம் 2 செ.மீ. மட்டும் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். பிள்ளைகள் வேகமாக ஆட்டுவார்கள். தொட்டித் தண்ணீர் மொத்தமும் ஊஞ்சலாடி, மணல் கடலுக்குள் இழுபட்டுவிடும். எதிர்ச் சுவரில் மோதித் திரும்பும் அலையும் கெடுக்கும். மணல் இல்லாத மூன்று பக்கமும் தேங்காய் நார் அடைத்தால் அது அடங்கும்.

செங்கல்லை உடைத்து, அதே சல்லடையில் சலித்து, ஒரு ஸ்பூன் நீர்விளிம்பில் வையுங்கள். ஒவ்வொரு அலையும் சிவப்புத் துகளைச் சாய்வாக மேலே ஏற்றும், நேராகக் கீழே இறக்கும். அப்படியே ரம்பப் பல் மாதிரி அது வடக்கே நகரும். பாடத்தின் உயிர் இந்த இடம், அவசரப்படாமல் எல்லாரும் குனிந்து பார்க்கட்டும்.

இப்போது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டினாற்போல் இரண்டு செங்கல் வைத்தால் துறைமுகம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை குடையும். 1881 புயல், சென்னைத் துறைமுகத்துக்காகக் கட்டிக்கொண்டிருந்த தடுப்புச் சுவர்களை உடைத்தது. திரும்பக் கட்டிய பிறகும் தெற்கே சேர்ந்துகொண்டே போன மணல்தான் இன்றைய மெரினாவின் அகலம்.

குடைந்த இடத்தில் ஜல்லி அடுக்கச் சொல்லுங்கள். அங்கே நிற்கும், அதற்கு வடக்கே குடைய ஆரம்பிக்கும். தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) வைத்தாலும் வளைவின் தெற்கே மணல் தங்கும், வடக்கே கரை குடையும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று கரையில் சீட்டு குத்தி வைத்தால், தன் தெருவுக்குப் போட்ட கல் அடுத்த குப்பத்துக்கு என்ன செய்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அறிவியல் வகுப்பில் இதைப் பேசத் தயங்கக் கூடாது.

தொட்டியின் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். துகளின் அளவு கடலுக்கேற்பச் சுருங்கவில்லை, ஆகவே நிமிடத்தை வருடமாக மாற்றக் கூடாது. செங்கல் துகள் மணலைவிட லேசு, கொஞ்சம் வேகமாகவே ஓடும். வடகிழக்குப் பருவக்காற்றில் மணல் தெற்கே திரும்பும். பலகையை வடக்கு மூலைக்கு மாற்றி அதையும் காட்டலாம். தெற்கிலிருந்து 8 நிமிடம், வடக்கிலிருந்து 4 நிமிடம் என்று வைத்தால் வருடக் கணக்கு மொத்தத்தில் வடக்கே சாய்வது புரியும்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு இன்னொன்றும் கொடுக்கலாம்: செங்கல்லை எடுத்துவிட்டு, கரையில் விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, எண்ணூர் முகத்துவாரம் ஏன் மணலால் அடைபடுகிறது என்று கேளுங்கள். அலை அதை மூடிய பிறகு, கரைப் பக்கத்திலிருந்து பாட்டில் தண்ணீரை ஊற்றி, கொசஸ்தலை ஆற்றின் மழைக்கால வெள்ளம் எவ்வளவு வந்தால் வாய் திறக்கிறது என்று லிட்டர் கணக்கில் குறிக்கட்டும்.