தெருமுனை தபால் பெட்டியை திரும்ப நட வச்ச கதை

நேத்து சாயங்காலம் எங்க தெருமுனை தபால் பெட்டி மறுபடி நிமிர்ந்து நின்னுடுச்சு. 4 மாச அலைச்சல். உங்க ஏரியாவுலயும் இப்படி ஆனா உதவும்னு சூட்டோட சூடா எழுதுறேன்.

மழைநீர் வடிகாலுக்குத் தோண்டினவங்க ஜேசிபி வச்சு பெட்டியை பேத்தெடுத்து குப்பைத்தொட்டி பக்கத்துல சாய்ச்சுப் போட்டுட்டாங்க. இப்ப மாட்டுற தகரப் பெட்டி இல்லங்க இது, பழைய வார்ப்பிரும்பு, தொப்பி வச்ச மாதிரி மூடி, எங்கப்பா வேலைக்கு மனு போட்டதே இதுலதான். 1852ல ஆங்கிலக் கால்வாய்ல இருக்குற ஜெர்சி தீவுல தெருவோரமா தூண் மாதிரி நட ஆரம்பிச்சு, இங்கிலாந்துல பச்சையா இருந்து 1874ல சிவப்புக்கு மாறின பெட்டிகளோட வம்சம். கல்கத்தாவுல அறுகோணப் பெட்டியை எப்படி காப்பாத்தி வச்சிருக்காங்க, இங்க எடைக்குப் போக இருந்துச்சு.

போஸ்ட் ஆபீஸ் போனா "ரோடு மாநகராட்சியோடது, அங்க கேளுங்க"ங்கிறாங்க, அங்க போனா "பெட்டி தபால்துறை சொத்து"ங்கிறாங்க. தபால் கோட்ட கண்காணிப்பாளர் ஆபீசுக்கு லீவு போட்டு போனேன், பெட்டி நம்பர் என்னன்னு கேட்டாங்க, தெரியல, திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னைக்கே உங்க தெருப் பெட்டி நம்பரோட தெளிவா ஒரு போட்டோ எடுத்து வைங்க. அடுத்த தடவை போனப்ப அங்க இருந்த கிளார்க், "இப்ப யாரு சார் லெட்டர் போடுறா, புதுசா ஒரு தகரப் பெட்டி மாட்டித் தர்றோம்"னாரு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

அப்புறம்தான் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டேன். கட்டணத்துக்கான 10 ரூபா போஸ்டல் ஆர்டர்ல போஸ்ட்மாஸ்டர் பேரு எழுதித் தொலைச்சேன், திரும்பி வந்துடுச்சு, அக்கவுண்ட்ஸ் ஆபீசர்னுதான் எழுதணும். ஏன் எடுத்தீங்கன்னு கேக்காதீங்க, எடுக்கச் சொன்ன உத்தரவோட நகல் குடுங்கன்னு கேளுங்க. அப்படி ஒரு உத்தரவே இல்லன்னு எழுத்துல பதில் வந்துச்சு, அந்த ஒரு பேப்பரைக் காட்டினதும் வடிகால் கான்ட்ராக்டரே ஆள் அனுப்பிட்டாரு.

தூக்கும்போது கட்டாயம் கூட நில்லுங்க. வார்ப்பிரும்பு வளையாது, கீழ போட்டா பொளந்துக்கும், சாதா வெல்டிங் ராடும் அதுல பிடிக்காது. ஜேசிபி பக்கெட்ல சங்கிலி கட்டித் தூக்க வந்தாங்க, நான் விடல, துணி பெல்ட் போட வச்சேன். அப்படியும் மூடி ஓரத்துல முன்னாடியே விழுந்த விரிசல் ஒண்ணு இருக்கு, பார்த்தா வயிறு எரியுது. பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி உடம்புக்கு ஆகாது.

இன்னொண்ணு, லெட்டர் விழாத பெட்டியைத்தான் முதல்ல எடுப்பாங்க. தபால் கார்டு 50 பைசாதான். எங்க தெருவுல வீட்டுக்கு ஒண்ணு எழுதி வச்சிருக்கோம், நாளைக்கு காலைல எடுக்க வர்றதுக்குள்ள போட்டுடணும்.