போக ஆறு மணி, வர முப்பத்தொன்று

அமெரிக்காவில் எடிசனில் இருக்கும் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஜனவரியில் சிங்கப்பூர் யீஷூனிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. எடிசனுக்கு நியூயார்க்கின் ஜேஎப்கேயைவிட நூவர்க் விமான நிலையம் பக்கம். இங்கே சாங்கி விமான நிலையத்திலிருந்து இரண்டுக்குமே தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், 15,300 கிலோமீட்டர் சொச்சம். சென்னை இங்கிருந்து சுமார் 2,900. "அஞ்சு சென்னைக்கு மேலயா?" என்றார் அம்மா. அவருக்கு எல்லா ஊருக்கும் அளவுகோல் சென்னைதான்.

பிராங்பர்ட்டில் இறங்கி ஏறினால் டிக்கெட் மலிவு, ஆனால் மொத்தம் 24 மணி நேரம் ஆகும். நேராகப் போகும் விமானத்தில் சாதாரண எகானமியே கிடையாது; பிரீமியம் எகானமியும் பிசினஸும் மட்டும்தான், மொத்தம் 161 இருக்கை. அம்மாவின் முழங்காலை நினைத்து நேர் விமானத்தையே போட்டேன். சேமிப்பில் நல்ல ஓட்டை.

டிக்கெட்டை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். சனிக்கிழமை இரவு 11.35 புறப்பாடு, ஞாயிறு காலை 5.30 வந்து சேரும். "ஆறு மணி நேரந்தானேடா, எதுக்கு இந்தப் பயமுறுத்தல்?"

சிரித்தேனே தவிர, நானும் சறுக்கினேன். இணையத்தில் தூரம் கணக்கிடும் ஒரு தளம் பறக்கும் நேரத்தைக் காட்டியது. அதைப் புறப்படும் நேரத்தோடு கூட்டி, "ஞாயிறு சாயங்காலம் ஆறரைக்கு வந்துடுவோம்" என்று தங்கைக்கு அனுப்பிவிட்டேன். அவளும் சாயங்காலத்துக்கு வண்டி சொல்லிவிட்டாள். இரண்டு நாள் கழித்துப் போன்: "அண்ணே, அது சிங்கப்பூர் ஆறரை. இங்கே பனிக்காலத்துல பதிமூணு மணி நேரம் பின்னாடி." கோடையில் பன்னிரண்டாம்; அங்கே கடிகாரத்தையே தள்ளி வைக்கிறார்கள்.

அப்புறம் பிரஷர் மாத்திரை. தினமும் காலை எட்டு மணிக்குப் போடுவது. கிளினிக்கில் கேட்டேன், இடைவெளி மாறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதனால் அம்மாவின் கைக்கடிகாரத்தை மாற்றவில்லை. என்னுடையது மட்டும் நூவர்க் நேரம். நடுவானில் விளக்கெல்லாம் அணைந்து எல்லாரும் போர்வைக்குள் இருக்கும்போது என் தோளைத் தட்டினார்: "எட்டு ஆயிடுச்சு, தண்ணி வாங்கிக் குடு." என் கடிகாரத்தில் முந்தின நாள் இரவு ஏழு.

திரும்பும்போது காலை பத்துக்கு ஏறி மறுநாள் மாலை ஐந்துக்கு இறங்கினோம். டிக்கெட்டைப் பார்த்தால் முப்பத்தொரு மணி நேரம்! இதில் பதிமூன்றைக் கழி, போன ஆறோடு பதிமூன்றைக் கூட்டு, போனதும் வந்ததும் பதினெட்டு பத்தொன்பது மணிக்குள்தான் என்று விளக்கினேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருக்கைத் திரையில் இருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைத் தாண்டினோம். இப்போது விமானம் அட்லாண்டிக் மேல் ஐரோப்பாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாகக் காற்றடிக்கும், அது முதுகில் தள்ளினால் எரிபொருள் மிச்சம் என்றேன்.

"அப்போ ரெண்டு தடவையும் கிழக்கேதான் போனோமா?"

"ஆமாம்மா."

"அப்படின்னா உலகத்தையே சுத்திட்டேன்!"

மறுநாள் காலை புளோக்குக்குக் கீழே பெஞ்சில் உட்காரும் தோழிகள் எல்லாருக்கும் விஷயம் போய்விட்டது. பேரனைப் பற்றி அப்புறம்தான் சொன்னாராம்.