ஆரஞ்சு மூடி ஊசி

அக்டோபர் 7, 2024, திங்கள்

பொது மருத்துவம் எம்.டி. படிக்கும் மூன்று பிஜிக்கள் இன்று வந்து சேர்ந்தார்கள். முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தே ஆக வேண்டும் என்பது 2020-இல் வந்த விதி. ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "சார், இங்க எம்.ஆர்.ஐ. இருக்கா?" இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. படிப்பில் மூன்று மாதம் வீணாகிவிடுமோ என்ற பயம். ஆள் பற்றாக்குறையை அடைக்க மட்டும் இவர்களை ஓபியில் உட்கார வைத்தால் அந்தப் பயம் பலித்துவிடும். அதனால் தினமும் காலை ஏழரை மணிக்கு ஒரு நோயாளியின் கட்டிலருகே அரை மணி நேரம் பாடம். அதை ஒரு நாளும் விடப்போவதில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. சிஸ்டர்கள் பி.பி. கருவிக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

ஜவ்வாது மலையில் சாமைக் காட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண், ஆறு நாள் காய்ச்சலோடு நேற்றிரவு சேர்ந்திருக்கிறார். டெங்கு இல்லை. தட்டணுக்கள் 70,000. பிஜி எழுதியிருந்த பரிசோதனைப் பட்டியல் அரைப் பக்கம் ஓடியது. "உடம்பு முழுக்கப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. சிஸ்டரைக் கூட வைத்துக்கொண்டு, அந்த அம்மாவிடம் காரணம் சொல்லி, சம்மதம் கேட்டு, திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். மார்புக்கு அடியில் பீடியால் சுட்டது போல ஒரு கறுப்புத் தடம். வலி இல்லாததால் அவருக்கே தெரிந்திருக்கவில்லை. சிற்றுண்ணி கடித்த இடம் அது: ஸ்க்ரப் டைஃபஸ், உண்ணிக் காய்ச்சல்.

எலைசா ரத்தப் பரிசோதனை முடிவு வர இரண்டு நாள் ஆகும். காத்திருக்காமல் உடனே டாக்சிசைக்ளின் கொடுத்தோம். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தால் கூடுதல் பலன் என்று வேலூர் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அதை எங்களுக்கு அழகாக விளக்கியவரும் அதே பிஜிதான். நன்றாகப் படித்த பிள்ளை. அக்குளையும் இடுப்பு மடிப்பையும் தேடிப் பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி கேட்டுக் குடித்தாராம்.

அக்டோபர் 22, செவ்வாய்

அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா, சுகர் 400-ஐத் தாண்டி மறுபடியும் வந்திருக்கிறார். கேஸ் ஷீட்டில் பிஜி எழுதியிருந்தது: "இன்சுலின் ஒழுங்காகப் போடாதவர்."

"நீங்க சொன்ன இருபதுதான் சாமி போடறேன், ஒரு நாள்கூட விட்டதில்ல" என்றார் அந்த அம்மா. சரி, போடுகிற மாதிரியே எடுத்துக் காட்டச் சொன்னேன். சுருக்குப் பையிலிருந்து ஊசி வந்தது. ஆரஞ்சு மூடி. ஆஸ்பத்திரியில் தந்த ஊசி தீர்ந்ததும் ஊர் மருந்துக் கடையில் வாங்கியது.

ஆரஞ்சு மூடி ஊசி, ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது. நாங்கள் கொடுக்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்தான். அதற்குச் சிவப்பு மூடி ஊசி வேண்டும். ஆரஞ்சு மூடி ஊசியில் இருபதாம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது எட்டே யூனிட். அந்த அம்மா நாங்கள் சொன்னதைத் தவறாமல் செய்திருக்கிறார்.

பிஜி அந்த வரியைத் தானே அடித்துவிட்டு, "மன்னிச்சிடுங்கம்மா" என்றார். போன முறை டிஸ்சார்ஜில் கையெழுத்துப் போட்டது நான். ஊசியைக் காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் அக்காவோடு அந்த அம்மாவின் வீட்டுக்குப் பிஜியை அனுப்பினேன். ஃபிரிட்ஜ் கிடையாது. ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் ஒரு சின்னக் கலயம், அதில் குப்பி. வார்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடியே வைத்திருக்கிறார். அதிகாலை ஐந்தரைக்கே ஊசி போட்டுக்கொண்டு நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார், சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இப்போது முழு இருபது யூனிட் உள்ளே போகிறது; இப்படியே விட்டால் வேலையிடத்தில் சுகர் இறங்கி மயங்கி விழுந்துவிடுவார். எட்டு மணிக்குச் சாப்பாடு, அதற்கு அரை மணி முன்னால் ஊசி என்று மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் பிஜி.

நவம்பர் 8, வெள்ளி

சட்டைப் பையில் இரண்டு நிற மூடி ஊசிகளையும் வைத்துக்கொண்டுதான் அந்தப் பிஜி ஓபியில் உட்காருகிறார். "இதுல எது உங்க வீட்ல இருக்கு?" இன்று மட்டும் இரண்டு பேர் ஆரஞ்சைத் தொட்டுக் காட்டினார்கள்.