துபாயிலிருந்து இங்கிலாந்துப் பள்ளிக்கு: ஒரு இனிஷியலால் போன ஐந்து மாதம்

வேலைக் கடிதமும் விசாவும் கைக்கு வந்துவிட்டன. மொத்தம் பதினான்கு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒரே ஒரு எழுத்தால் போனது. வளைகுடாவில் பாடம் நடத்திக்கொண்டு அடுத்த நாட்டுக்கு யோசிக்கும் ஆசிரியர்களில் பாதிப்பேர் இதே இடத்தில்தான் சிக்குவார்கள். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

பட்டத்தில் "கே. லதா" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் "லதா குமாரசாமி". நமக்கு இரண்டும் ஒரே ஆள். இங்கிலாந்தில் உட்கார்ந்து ஆசிரியர் தகுதிக் கோப்பைப் பார்ப்பவருக்கு இரண்டு பேர். இனிஷியல் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து என்பதே அங்கே தெரியாது. இதற்கு நோட்டரி முன் எழுதிய "இருவரும் ஒருவரே" என்ற பிரமாணப் பத்திரத்தை மட்டும் அனுப்பினால் கூடுதல் ஆதாரம் கேட்டுத் திரும்பி வருகிறது. எனக்கு அப்படித்தான் வந்தது. வேலை செய்தது சங்கிலிதான்: அப்பா பெயர் முழுதாக இருக்கும் பள்ளி மாற்றுச் சான்றிதழ், அதே இனிஷியலோடு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டம், அப்பா பெயர் உள்ள பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம். இந்த வரிசையில் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, பிரமாணப் பத்திரத்தை மேலே வைத்தேன். மறுகேள்வி வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டலே வேறாக இருந்தால் (சுந்தரம் ஓரிடத்தில் 'டி'யோடு, இன்னோரிடத்தில் 'டி.எச்.'சோடு) அதையும் அதே பத்திரத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

இனி கியூ.டி.எஸ்., அதாவது இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதி. 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் பயிற்சி பெற்றவர்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் நமக்குக் கணிதம், அறிவியல், ஆங்கிலம் அல்லாத மொழிப்பாடம் மட்டும்தான்; 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். வரலாறு, வணிகவியல் ஆசிரியர்களுக்கு இந்த வழி திறக்கவில்லை. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. "கியூ.டி.எஸ். வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கிறவர்கள் உங்கள் கோப்புகளைப் பதிவேற்றுவதற்குத்தான் அந்தப் பணத்தை வாங்குகிறார்கள். தகுதி கிடைப்பதால் வேலையோ விசாவோ கூடவே வந்துவிடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

படிவம் நிரப்ப ஒரு மாலை போதும். இழுப்பது பல்கலைக்கழகக் காகிதம். ஜூலை விடுமுறையில் ஊருக்கு வந்து, நகல்களோடு பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா மதிப்பெண்களையும் தொகுத்துத் தரும் சான்று) பிரிவுக்குப் போனேன். "மேடம், ஒரிஜினல் எல்லா செமஸ்டரும் வேணும்" என்றார் அங்கிருந்தவர். அசல் துபாயில் இருந்தது. அந்தப் பயணம் வீண். நீங்கள் கையில் கொண்டுபோக வேண்டியவை: எல்லா மதிப்பெண் பட்டியல்களின் அசல், தற்காலிகச் சான்று, பட்டச் சான்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல், பாஸ்போர்ட் நகல். தேர்ச்சி பெறாமல் மறுபடி எழுதிய தாள் இருந்தால் அந்தப் பட்டியலும் வேண்டும். அது இல்லாமல் மதிப்பெண் கணக்கு ஒட்டாது.

பி.எட். சான்றிதழில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. எந்தப் பாடம், எந்த வயது மாணவர்கள், எத்தனை வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி என்ற மூன்றும் அதில் சேர்ந்தாற்போல் இருக்காது. 2015க்குப் பிறகு இரண்டாண்டு பி.எட். முடித்தவர்களுக்குப் பள்ளிப் பயிற்சி 20 வாரம் என்று பாடத்திட்டத்திலேயே உண்டு. அதற்கு முந்தைய ஓராண்டுப் படிப்பு முடித்தவர்கள், இந்த மூன்றையும் சொல்லும் கல்லூரிக் கடிதத்தை விட்டுவிடவே கூடாது. மூன்றையும் எழுதி முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதத்தைக் கல்லூரியிலேயே வாங்குங்கள். ஆங்கில வழியில் படித்ததற்கான மீடியம் லெட்டரையும் அன்றே கேளுங்கள். கல்லூரி பல்கலைக்கழகத்தைக் கை காட்டும், பல்கலைக்கழகம் கல்லூரியைக் கை காட்டும். விண்ணப்பத்தில் சொல்லியிருக்கும் வாசகத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தால் இந்த அலைச்சல் ஒரு நாளில் முடிகிறது.

அனுபவத்துக்கு, தகுதி பெற்ற பிறகு குறைந்தது 9 மாதம் கற்பித்திருக்க வேண்டும். 20 மாதம் இருந்தால் அங்கே போய், புது ஆசிரியர்களுக்கான இரண்டாண்டுத் தொடக்கநிலை மதிப்பீட்டில் உட்கார வேண்டாம். நீங்கள் கற்பித்த பள்ளிக்கு மின்னஞ்சலில் ஒரு இணைப்பு போகும். அதைத் திறந்து அவர்கள் உறுதி செய்ய வேண்டும். பள்ளியின் பெயரிலேயே உள்ள மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். தலைமையாசிரியரின் சொந்த ஜிமெயில் வேண்டாம். என் விஷயத்தில் அந்த மின்னஞ்சல் ஸ்பேமில் மூன்று வாரம் கிடந்தது. விண்ணப்பித்த அன்றே மனிதவளப் பிரிவுக்குப் போய், ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலத் தேர்வில் பணம் இழக்கிறவர்கள் அதிகம். கியூ.டி.எஸ்.ஸுக்கு ஏற்கும் மீடியம் லெட்டர் விசாவுக்கு அப்படியே செல்லாது. பட்டத்தைக் காட்ட வேண்டுமானால் எக்டிஸ் நிறுவனத்திடம் தனியாக மதிப்பீடு வாங்க வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு எழுதுவதானால் "ஐ.இ.எல்.டி.எஸ். ஃபார் யூ.கே.வி.ஐ." என்று பெயரிலேயே இருப்பதைத்தான் பதிவு செய்ய வேண்டும். சாதாரண அகாடமிக் தேர்வில் 8 வாங்கியிருந்தாலும் விசாவுக்குப் பயன்படாது. 2026 ஜனவரி 8 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் பி2 நிலை (பி1க்கு அடுத்த மேல் படி) கேட்கிறார்கள். முன்பு பி1 போதுமாக இருந்தது.

வேலை தேடும்போது, அந்தப் பள்ளிக்கு ஸ்பான்சர் உரிமம் (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் அனுமதி) இருக்கிறதா என்று அரசின் பொதுப் பட்டியலில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். விசாவுக்காகப் பள்ளி தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றை விலைக்கு விற்கிறோம் என்பவர்கள் மோசடிக்காரர்கள். செப்டம்பரில் சேர்வதற்கான இடங்கள் ஜனவரியிலிருந்து மே வரை அதிகம் வரும், ஏனென்றால் அங்குள்ள ஆசிரியர்கள் மே 31க்குள் ராஜினாமா கொடுத்தாக வேண்டும். துபாயின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மார்ச்சில் விலகினால் ஐந்து மாதம் சம்பளம் இல்லை. ஜூலையில் விலகினால் நடு ஆண்டில் போனதாகக் கணக்கு. ஸ்பான்சர்ஷிப் சான்று கையில் வராமல் ராஜினாமா எழுதாதீர்கள். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் 30 நாளா 90 நாளா என்று பார்த்து அதற்கேற்பப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கிராஜுவிட்டி முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள்.

பணக் கணக்கில்தான் முடிவே இருக்கிறது. லண்டனுக்கு வெளியே தொடக்கச் சம்பளம் 2025-26இல் ஆண்டுக்கு 32,916 பவுண்டு. வருமான வரி, நேஷனல் இன்சூரன்ஸ், ஓய்வூதியப் பிடித்தம் போகக் கைக்கு மாதம் சுமார் 2,100 பவுண்டு வரும். வாடகை அதிலிருந்துதான். துபாயில் வரி இல்லாத சம்பளத்தோடு பள்ளி கொடுக்கும் வீடும் இருந்தால், முதல் இரண்டு ஆண்டு கையிருப்பு குறையும் என்று தெரிந்தே கிளம்ப வேண்டும். விசாக் கட்டணத்துக்கு மேல் மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்குப் பெரியவருக்கு 1,035, குழந்தைக்கு 776 பவுண்டு. விசாக் காலம் முழுமைக்கும் முன்னதாகவே கட்ட வேண்டும். கணவன், மனைவி, ஒரு குழந்தைக்கு மூன்று ஆண்டுக்கு 8,538 பவுண்டு. பள்ளி இதை ஏற்குமா என்று நேர்காணல் முடிந்த உடனே கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

காசநோய்ப் பரிசோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. அமீரகத்தில் ஆறு மாதத்துக்கு மேல் குடியிருந்து அங்கிருந்தே விண்ணப்பித்தால் தேவையில்லை. ஊருக்குத் திரும்பி ஆறு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் இந்தியாவில் அங்கீகரித்த மையத்தில் எடுத்தாக வேண்டும்.

கடைசியாக காவல்துறைச் சான்று. பள்ளி வேலைக்கு, 18 வயதுக்குப் பிறகு கடந்த பத்து ஆண்டில் மொத்தம் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். இந்தியச் சான்றை அமீரகத்திலிருந்தே வாங்கலாம், ஆனால் ஊர்க் காவல் நிலையத்துக்கு விசாரணை போனால் வாரக்கணக்கில் நிற்கும். பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரியில் யாராவது இருந்து பதில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். துபாய்ச் சான்றை எமிரேட்ஸ் ஐ.டி. உயிரோடு இருக்கும்போதே செயலி வழியாக எடுத்துவிடுங்கள். விசா ரத்தான பிறகு வெளியிலிருந்து கேட்டால் கைரேகைத் தாளில் தொடங்க வேண்டியிருக்கும். பள்ளியின் பணிச் சான்றில் சேர்ந்த நாள், விலகிய நாள், பாடம், வகுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற ஐந்தும் இருக்கிறதா என்று முத்திரை வைக்கும் முன் அந்த மேசையிலேயே நின்று படித்துப் பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுதாக இருக்க வேண்டும், இனிஷியலோடு அல்ல.