ஃபார்மிங்டன் அவென்யூ வீடு: மூன்று நாள் குறிப்புகள்

அக்டோபர் 10, வெள்ளி

நாளை அக்காவுடன் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டு நகரில், ஃபார்மிங்டன் அவென்யூவில் இருக்கும் எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் வீட்டைப் பார்க்கப் போகிறேன். அவரும் மனைவி ஒலிவியாவும் 1874 முதல் 1891 வரை மூன்று மகள்களை வளர்த்த வீடு அது.

அக்டோபர் 11, சனி

எட்வர்டு டக்கர்மன் பாட்டர் வடிவமைத்த இந்த வீட்டில் 25 அறைகள் உள்ளன. செங்கல் சுவரெங்கும் கருப்பும் செந்தூரமும் தீட்டிய பட்டைகள். உள்ளே நுழைந்ததும் கூடம் இருண்டு கிடந்தது; கண் பழகிய பிறகுதான் மரப்பலகைகளின் மேல் வெள்ளி நிறக் கோலங்கள் தெரிந்தன. 1881இல் அலங்காரக் கலைஞர் லூயிஸ் டிஃபனியின் குழுவினர் அச்சுத்தகடு வைத்துத் தீட்டிய அவை, எரிவாயு விளக்கின் அசையும் ஒளியில் முத்துச்சிப்பி பதித்தாற்போல் மினுங்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டவை.

சாப்பாட்டு அறையில் கணப்பு அடுப்புக்கு நேர் மேலே ஒரு சன்னல் இருக்கிறது. புகைப்போக்கியை இரண்டாகப் பிரித்துச் சன்னலின் இருபுறமும் கொண்டுபோயிருப்பதால், கீழே தீ எழுவதையும் மேலே பனி இறங்குவதையும் ஒரே பார்வையில் காணலாம்.

நூலக அறையில்தான் என் மனம் நின்றுவிட்டது. ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றிலிருந்து வாங்கி வந்த, செதுக்கு வேலை மிகுந்த பெரிய கணப்பு மாடம் அங்கே இருக்கிறது. அதன் தட்டில் வரிசையாகப் பொருள்கள்; ஒரு கோடியில் பூனையின் படம், மறுகோடியில் ஓர் இளம்பெண்ணின் படம். குழந்தைகள் கேட்கும்போதெல்லாம் பூனையில் தொடங்கி, எதையும் தாண்டாமல், வரிசை மாறாமல், அத்தனை பொருள்களையும் கோத்து அப்பா ஒரு கதை சொல்ல வேண்டும். சொன்ன கதையை மறுபடி சொல்லவும் கூடாது.

மேல்தளத்துப் பில்லியர்ட்ஸ் அறையில் அவர் எழுதினார். முதலில் எழுதவென்று அமைத்த அறை பிள்ளைகளின் பாட அறையாகிவிட்டதாம்.

மூத்த மகள் சூசி இறந்ததும் இந்த வீட்டில்தான் என்பதை வழிகாட்டி மாடிப்படியில் ஏறியபடியே ஒரு வரியில் சொல்லிப் போனார். அதை நூலக அறையில் நின்று சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

இரவு சரியாகத் தூங்கவில்லை. கடனை அடைப்பதற்காக ட்வெய்ன் உலகம் சுற்றிச் சொற்பொழிவாற்றக் கிளம்பி, 1896 சனவரியில் கொழும்பு வழியாகப் பம்பாய் வந்திறங்கியதைப் பற்றி நம் பக்கத்தில் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பயணத்தில் சேராமல் அமெரிக்காவிலேயே தங்கிய சூசி, ஹார்ட்ஃபர்டுக்கு வந்திருந்தபோது மூளை உறைக் காய்ச்சல் கண்டு, ஆகஸ்ட் 18 அன்று 24 வயதில் இறந்தாள். தாயும் தங்கை கிளாராவும் அவளைப் பார்க்கக் கப்பலில் வந்துகொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் இருந்த தந்தைக்குத் தந்திதான் வந்தது. அதன்பின் அந்தக் குடும்பம் இங்கே வாழவே இல்லை.

1903இல் விற்கப்பட்ட வீடு பள்ளிக்கூடமாகவும் வாடகைக் குடியிருப்பாகவும் மாறி, 1929இல் ஊர்க்காரர்கள் முயன்றதால் இடிபடாமல் தப்பியது. கைமாறிச் சிதறியவற்றைத் தேடிச் சேர்த்து, 1974இல்தான் பழைய தோற்றம் முழுமையாகத் திரும்பியது. பொருள்களை அந்தக் கதையின் வரிசைப்படியே மீண்டும் அடுக்கி வைத்தவர்களை நான் மனமாரக் கும்பிடுகிறேன்.

அடுத்த மாதம் என் மகளுடன் மறுபடி போகிறேன். பூனைப் படத்தை அவளுக்கு முதலில் காட்ட வேண்டும்.