நாலும் பெட்டை என்றார்

இன்று விடியற்காலை பின்பக்கம் துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல ஒரு சத்தம்.

போய்ப் பார்த்தால், நம்ம லெட்சுமி கழுத்தை நீட்டிக் கூவப் பழகிக்கொண்டிருக்கிறாள். சரி, பழகிக்கொண்டிருக்கிறான்.

மூன்று மாதத்துக்கு முன் பினாங்கு பாலிக் பூலாவில் நாலு கோழிக்குஞ்சு வாங்கினேன். நாலும் பெட்டை என்றார் விற்றவர்.

அம்மா ஆறாவது வாரமே சொன்னார்: "இதுக்குக் கொண்டை சீக்கிரமே செவக்குதுடா. காலும் தடிச்சிருக்கு." நான் கேட்கவில்லை.

இன்று அதை மடியில் வைத்துக் காட்டினார். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், முதுகின் இரு பக்கமும் நெல் இலை மாதிரி ஒல்லியாக, முனை கூர்ந்து, பளபளவென்று தொங்கும் இறகுகள். பெட்டைக்கு அதே இடத்தில் முனை வட்டமாக, நகம்போல இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். தினமும் தீனி போட்டும் என் கண்ணில் படவில்லை.

குஞ்சு பொரித்த அன்றே சேவல், பெட்டை என்று பிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 1920களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்ட வழி: எச்சத் துவாரத்தை மெல்ல விரித்து, உள்ளே ஒரு துளி மேட்டைப் பார்ப்பது. பழகிய கைக்குச் சில நொடி போதும்.

அப்புறம் ஒன்று. மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன் தரும் குரோமோசோமைப் பொறுத்தது. கோழியில் அது தாயிடம் இருக்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னேன். பாட்டிக்கு ஐந்தும் பெண். தோட்டத்து லயத்தில் அதற்காக அவர் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல.

"கோழியா பொறந்திருந்தாதான் கெழவி மேல தப்பு, இல்ல?" என்றார் அம்மா.

லெட்சுமி மறுபடி கூவினான்.